முப்பத்தொன்றாம் அடிக்குறிப்பு

அலுவலகத்தில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் அடிக்குறிப்பக்கா. அவளைவிட வயதில் மூத்த வாசல் காவலருக்கும் அக்காதான். ஆய்வறிக்கையில் ஏதாவது ஒரு வரி ஆதாரம் இல்லாமல் அம்போ என்று நின்றால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. ஒரு முறை பொருளாதார நிபுணர் ஒருவர் முன்னுரையில் அழகுக்காக, 'மழையை விரும்பாதவர் யாரும் இல்லை' என்று எழுதிவிட்டார். யாரைக் கேட்டீர்கள், எந்த வருஷம் கேட்டீர்கள் என்று அக்கா அவரை மூன்று நாள் விடாமல் துரத்தினாள். கடைசியில் மனிதர் மழையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று அந்தப் பத்தியையே எடுத்துவிட்டார். அதைச் சொல்லிச் சொல்லி ஆபீசே சிரித்தது. அவளும் சிரித்தாள், கொஞ்சம் பெருமையாகவே.

அந்தப் பெருமைதான் அவளைக் கவிழ்த்தது. வாய் கூசாமல் பொய் சொல்லத் தெரிந்தவளாக இருந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

ஆய்வு மையம் ஒரு காப்பீட்டு அலுவலகத்துக்கு மேலே மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் கதவு திறந்ததும் எதிர்ச் சுவரில் பித்தளை எழுத்தில் மையத்தின் பெயர். அதில் 'சுதந்திர' என்ற சொல் மட்டும் மற்றவற்றைவிட ஒரு விரற்கடை பெரிது. சுதந்திரமான மையம்தான். சம்பளம் அமைச்சகத்திலிருந்து வரும். இயக்குநரை அமைச்சகம் நியமிக்கும். எதை ஆராய வேண்டும் என்று அமைச்சகம் கடிதம் போடும். என்ன முடிவுக்கு வர வேண்டும் என்பதை மட்டும் கடிதத்தில் எழுத மாட்டார்கள், அதைப் போனில் சொல்லிவிடுவார்கள். மற்றபடி முழுச் சுதந்திரம்.

அக்காவுக்கு இதெல்லாம் தெரியாதா என்றால், தெரியும். பத்தொன்பது வருடம் பல்கலைக்கழக நூலகத்தில் புத்தக அட்டவணை எழுதியவள். அங்கே ஆளைக் குறைத்தபோது, நாற்பத்தைந்து வயதில் எங்கே போய் நிற்பது என்று திகைத்தவளுக்கு இங்கே ஜன்னலோரமாக ஒரு மேஜை கிடைத்தது. அறிக்கையில் என்ன எழுதுகிறார்கள் என்பது அவர்கள் பாடு, எழுதியதற்கு ஆதாரம் இருக்கிறதா என்பது தன் பாடு என்று கோடு கிழித்துக்கொண்டாள். தவிர, அந்த அறிக்கைகளை யார் படித்தார்கள்? எழுதியவர், இயக்குநர், அவள், அச்சகத்தில் ஓரம் வெட்டுகிறவர். ஆக மொத்தம் நாலு பேர். நாலு பேர் படிப்பதால் ஊர் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடாது என்று சமாதானம் சொல்லிக்கொண்டே ஆறு வருடத்தை ஓட்டிவிட்டாள்.

அவளுக்கு ஒரே தங்கை. ஒன்பது வயது இளையவள். அம்மா போன பிறகு தலை பின்னிவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து வளர்த்தவள் அக்காதான். தங்கை நீர் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். தலைமை வேதியியலாளர் ஓய்வு பெற்றுப் போன பிறகு அந்த நாற்காலிக்கு யாரையும் போடவில்லை. அதனால் பரிசோதனைக் கூடம் என்றால் இரண்டே பேர்: தங்கையும், பாட்டில் கழுவி அடுக்குகிற ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரும். அவரைத் தங்கை பாட்டிலண்ணன் என்பாள். அமிலத்தில் கழுவிக் கழுவி விரல் நுனியெல்லாம் வெடித்துப்போன மனிதர். ஒரு பாட்டிலில் சொட்டுக் கறை இருந்தாலும் கையெழுத்துப் போடாதே என்று இவளையே மிரட்டுவாராம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கை அக்கா வீட்டுக்கு வருவாள். சமையலறை மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டே வாரத்துக் கதையெல்லாம் பேசித் தீர்ப்பார்கள். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா சும்மா கேட்டாள், புது மெஷின் கேட்டீர்களே, வந்ததா என்று.

"எங்க வருது? பழசுதான். அதுக்கு மூடு வந்தாத்தான் வேலை செய்யும். நம்ம மாமா மாதிரி."

முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அக்காவின் கணவர், "கேக்குது, கேக்குது," என்றார்.

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு தங்கை சொன்னாள்: "அதனாலதான்க்கா ஒவ்வொரு பாட்டிலையும் மூணு தடவை ஓட்டறேன். மூணும் ஒண்ணா வந்தாத்தான் கையெழுத்து. இல்லன்னா திரும்ப முதல்லேருந்து."

இவ்வளவுதான் பேச்சு. பிறகு பக்கத்து வீட்டுக் குழாய்ச் சண்டைக்குப் போய்விட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து, நகரத்தின் கிழக்குப் பகுதிக்குத் தண்ணீர் தரும் தொட்டியில் ஈயம் இருக்கிறது என்று பரிசோதனையில் வந்தது. கொஞ்சநஞ்சம் இல்லை, குழந்தைகள் குடிக்கவே கூடாத அளவு. தங்கை வழக்கம்போல மூன்று தடவை ஓட்டி, நம்பிக்கை வராமல் இன்னொரு மூன்று தடவையும் ஓட்டிக் கையெழுத்துப் போட்டாள். செய்தி பேப்பரில் வந்தது. தொட்டிக்குத் தண்ணீர் வரும் வழியில், மேல்பக்கம், ஈய பேட்டரி செய்யும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டியவர் அமைச்சர். வாரிய அலுவலகத்தின் முன்னால் காலிக் குடங்களோடு பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். மூன்றாவது மாடியில் இயக்குநரின் போன் அடித்தது. இரண்டு வாரத்தில் ஓர் அறிக்கை வேண்டும்: 'குடிநீர் – வதந்தியும் உண்மையும்.'

தங்கை போட்ட கையெழுத்தைப் பற்றிய அறிக்கைதான் தன் மேஜைக்கு வந்திருக்கிறது என்று அக்காவுக்குத் தெரியாமல் இல்லை. நாலு பேர் படிக்கப்போகிற சமாசாரம் என்று நினைத்தாள். நாலாவது அத்தியாயத்தில் ஒரு வரி அவளை நெருடியது. அறிக்கையை எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனாள்.

இயக்குநர் தங்கமான மனிதர், அதுதான் தொல்லையே. குரலை உயர்த்தத் தெரியாது. யாராவது உள்ளே வந்தால் எழுந்து நிற்பார்.

"சார், இந்த வரிக்கு ஆதாரம் இல்ல."

"எது மேடம்?"

"'கருவி நம்பகமானதல்ல என்பதை ஆய்வகத்தில் உள்ளவர்களே ஒப்புக்கொள்கின்றனர்.' யாரு ஒப்புக்கிட்டது?"

"அது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தானே?"

"எல்லாருக்கும் தெரிஞ்சதுன்னா முதல்ல யாராவது ஒருத்தர் சொல்லியிருக்கணும் சார்."

அவர் சிரித்தார். "நியாயம். சாயங்காலம் அச்சுக்குப் போகுது. அதுவரைக்கும் தேடிப் பாருங்க. கிடைக்கலன்னா அடிச்சிடுங்க. ஆதாரம் இல்லாம நம்ம அறிக்கை வெளிய போகக்கூடாது."

அடித்திருக்கலாம். குறுக்கே ஒரு கோடு போட்டிருந்தால் தீர்ந்தது. அவரே சொல்லிவிட்டார், யாரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. பின்னாளில் அக்கா இதை எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருப்பாள் என்பதற்குக் கணக்கே இல்லை. ஆனால் அன்றைக்கு அவளுக்குள் நூலகத்துக்காரி விழித்துக்கொண்டாள். தேடியும் கிடைக்கவில்லை என்று இருபத்தைந்து வருடத்தில் அவள் யாரிடமும் சொன்னதில்லை. இதற்கோ ஆதாரம் இருக்கிறது. தன் காதாலேயே கேட்டிருக்கிறாள். இருப்பதை இல்லை என்று எப்படி அடிப்பது? அந்த அரிப்புத் தாங்காமல் மேஜைக்கு வந்து தட்டினாள்: '31. நீர் வாரிய ஆய்வகப் பணியாளர் ஒருவருடன் நேர்காணல். பெயர் வெளியிடப்படவில்லை.' தேதியும் போட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமையின் தேதி.

மூன்று தடவை ஓட்டுகிறோம் என்று தங்கை சொன்னதும் நினைவுக்கு வந்தது. வராமல் இல்லை. அதையும் சேர்த்தால் மேலே உள்ள வரி படுத்துவிடும். அடிக்குறிப்பு என்றால் சுருக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்று தனக்குத் தானே ஒரு சப்பைக்கட்டுக் கட்டிக்கொண்டு அக்கா பக்கத்தைத் திருப்பினாள்.

அவள் கணக்கில் எடுக்காதது ஒன்று இருந்தது. அந்த வருடம்தான் மூன்றாவது மாடியின் கடைசி அறையில் இணையப் பிரிவு என்று புதிதாகத் திறந்திருந்தார்கள். பதினோரு பேர், ஆளுக்கு இரண்டு திரை. அறிக்கையிலிருந்து ஒரு வரியை உருவி, வண்ண அட்டையில் போட்டு, ஆயிரம் பேருடைய போனுக்குத் தள்ளிவிடுவது அவர்கள் தொழில். அந்த ஆயிரம் பேரிலும் பாதிப்பேர் அதே அறையில் போலிக் கணக்காக உருவானவர்கள். பிரிவின் தலைவரைக் கார்டுக்காரர் என்பார்கள். எப்போதும் கழுத்தில் ஹெட்போன், வாயில் சூயிங்கம். அறிக்கை வெளியான மறுநாள் காலை அவர் அக்காவின் மேஜைக்கே தேடி வந்தார்.

"அக்கா, உங்க முப்பத்தொண்ணுதான் இன்னிக்கு ஹீரோ!"

போனை நீட்டினார். சிவப்புப் பின்னணியில் கொட்டை எழுத்து: 'மெஷின் பழுது – ஆய்வகப் பணியாளரே ஒப்புதல்!' கீழே, பொடி எழுத்தில்: 'ஆதாரம்: ஆய்வறிக்கை, அடிக்குறிப்பு 31.'

அதற்குப் பிறகு அந்தச் செய்திக்குக் கண், காது, மூக்கு எல்லாம் முளைத்தன. மத்தியானத்துக்குள் அந்தப் பணியாளர் கண்ணீர் விட்டு ஒப்புக்கொண்டார். மறுநாள் அவர் மிரட்டப்பட்டிருந்தார். அதற்கும் மறுநாள் முகத்தை மறைத்துக்கொண்டு ஒரு பெண் பேசும் வீடியோ வந்தது. யாரோ எழுதிக் கொடுத்ததை யாரோ படித்தார்கள். மூன்று லட்சம் பேர் பார்த்தார்கள்.

வாரக் கடைசியில் கார்டுக்காரர் மறுபடி வந்தார். இரண்டாம் பதிப்பு போகிறது, முப்பத்தொன்றில் இன்னும் கொஞ்சம் ஆதாரம் சேர்த்தால் பலமாக இருக்கும் என்று ஐந்து செய்தித் தளங்களின் இணைப்பைக் கொடுத்துவிட்டுப் போனார். அக்கா பழக்க தோஷத்தில் ஒவ்வொன்றையும் வேர் வரைக்கும் தோண்டினாள். முதல் தளம் இரண்டாவதைச் சொன்னது. இரண்டாவது மூன்றாவதைச் சொன்னது. மற்றவை அட்டையைச் சொல்லின. அட்டை அடிக்குறிப்பு முப்பத்தொன்றைச் சொன்னது. ஐந்தும் சுற்றிச் சுற்றி அவள் வீட்டுச் சமையலறைக்கே வந்து சேர்ந்தன. இதெல்லாம் ஆதாரம் இல்லை என்று எழுந்து சொல்லப் போனால், அப்போது உன்னுடையது எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். அக்கா ஐந்தையும் சேர்த்தாள். மழைக்காக ஒரு மனிதரை மூன்று நாள் துரத்தியவள் இதை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் தங்கை வந்தாள். கையில் பை இல்லை, செருப்பை வாசலில் நேராக விடக்கூட இல்லை. வந்து அதே சமையலறை மேஜையில் உட்கார்ந்தாள்.

"என்னை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்காங்கக்கா. அடுத்த புதன்கிழமை பதினோரு மணிக்கு."

"எதுக்குடி?"

"வெளியாளுக்கு நேர்காணல் கொடுத்தேனாம். அனுமதி இல்லாம பேசினா வேலை போயிடும். அத விடு, மெஷின் சரியில்லன்னு நானே சொல்லியிருந்தா, எந்த மூஞ்சியோட அந்த ரிசல்ட்ல கையெழுத்துப் போட்டேன்? எப்படிப் பாத்தாலும் மாட்டிக்கிட்டேன். கேன்டீன்ல என் பக்கத்துல யாரும் உக்கார மாட்டேங்கறாங்க. நான் யார்கிட்டயும் பேசலக்கா. சத்தியமா பேசல."

"தெரியும்," என்றாள் அக்கா. அவளைத் தவிர வேறு யாருக்கு அவ்வளவு நன்றாகத் தெரியும்?

"அது உங்க ஆபீஸ் அறிக்கைதானே? யாரு அந்த வரிய எழுதினதுன்னு மட்டும் விசாரிச்சுச் சொல்லேன். அப்படி ஒரு நேர்காணல் நடக்கவே இல்லன்னு உங்க ஆபீஸ்லேருந்து ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும். நான் தப்பிச்சுக்குவேன். ரிசல்ட்டும் நிக்கும். உன்னால முடியும்கா."

அக்கா நான்தான் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். "பாக்கறேன்," என்றாள். தங்கை முகத்தில் பாதி உயிர் திரும்பி வந்தது. அதைப் பார்த்த பிறகு அக்காவால் இன்னும் சொல்ல முடியாமல் போயிற்று.

புதன்கிழமைக்கு ஒன்பது நாள் இருந்தது. ஒரு வரி எழுத ஒன்பது நாள் தாராளம். மூன்றாவது நாள் இயக்குநர் கூப்பிட்டார். மேஜையில் நீர் வாரியத்தின் கடிதம். அடிக்குறிப்பு 31-இல் கண்ட நேர்காணலின் பதிவை அனுப்பவும்.

"பதிவு இருக்கா மேடம்?"

"பதிவெல்லாம் இல்ல சார். அது... எங்க வீட்டுல நடந்த பேச்சு. என் தங்கச்சி சொன்னது. விளையாட்டா, சிரிச்சுக்கிட்டே."

அவர் திட்டுவார் என்று நினைத்தாள். திட்டட்டும், திட்டினால் நாமும் பதிலுக்குக் கத்திவிட்டு உண்மையைப் போட்டு உடைத்துவிடலாம் என்றுகூட நினைத்தாள். அவரோ நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார்.

"அப்போ நிஜமாவே சொல்லியிருக்காங்க! நல்லதாப் போச்சு. நான்கூடப் பயந்துட்டேன்."

"சிரிச்சுக்கிட்டே சொன்னா சார். அதுக்கப்புறம் இன்னொண்ணும் சொன்னா."

"சிரிச்சாங்களான்னு வாரியம் கேக்கல மேடம். கவலைப்படாதீங்க, உங்க தங்கச்சி பேர் வெளிய வராது. ஆதாரம் தந்தவங்களைக் காட்டிக்கொடுக்கறது நம்ம வழக்கமில்லன்னு பதில் போட்டுடலாம். நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்."

ஒன்றும் செய்ய வேண்டாம். அக்கா அதைத்தான் செய்தாள். அந்தப் பதில் கடிதம் கொள்கை, கண்ணியம், இதழியல் அறம் என்று முழங்கிற்று. அனுப்புவதற்கு முன் அவளிடம் ஒரு தடவை பார்க்கக் கொடுத்தார்கள். இரண்டாவது வரியில் ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தது. திருத்திக் கொடுத்தாள்.

சனிக்கிழமை பஸ் பிடித்துத் தங்கை வீட்டுக்குப் போனாள், சொல்லிவிடுவது என்ற முடிவோடு. தங்கை தரையெல்லாம் காகிதத்தைப் பரப்பி, ஆறு தடவை ஓட்டிய பதிவுகளைத் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து, "கேட்டியாக்கா?" என்றாள். அக்காவின் வாயிலிருந்து வந்தது வேறு. "யாருன்னு சொல்ல மாட்டாங்களாம். அது அவங்க வழக்கமாம்."

தங்கை கையில் இருந்த காகிதத்தை அப்படியே வைத்துக்கொண்டு யோசித்தாள். "அப்போ நிஜமாவே யாரோ பேசியிருக்காங்க," என்றாள் மெதுவாக. அக்கா மறுக்கவில்லை.

விசாரணை முடிந்து அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கை வந்தபோது வேலை தப்பியிருந்தது. எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டுவிட்டார்கள். பரிசோதனை முடிவு செல்லாது என்று ரத்து செய்துவிட்டார்கள். கிழக்குப் பகுதிக் குழாய்களில் அதே தண்ணீர் வந்துகொண்டிருந்தது. பாட்டிலண்ணனை நிறுத்திவிட்டார்கள். ஒப்பந்தத் தொழிலாளிக்கு எச்சரிக்கைக் கடிதமெல்லாம் கிடையாது, நாளையிலிருந்து வராதே என்றால் வரக்கூடாது, அவ்வளவுதான்.

"நான் அவர் பேரச் சொல்லவே இல்லக்கா," என்றாள் தங்கை. யாரும் கேட்காமலே சொன்னாள். "நான் பேசலன்னு சொன்னேன். லேப்ல எத்தனை பேர்னு கேட்டாங்க. ரெண்டு பேர்னு சொன்னேன். வேற ஒண்ணும் சொல்லல." கொஞ்சம் பீன்ஸ் நறுக்கினாள். "பன்னெண்டு வருஷம்க்கா. ஒரு நாள்கூடக் கறை படிஞ்ச பாட்டில் குடுத்ததில்ல. அவரா இப்படிப் பேசினாருன்னு நினைச்சா தூக்கமே வரல."

இதற்கு மேல் அக்காவால் தாங்க முடியவில்லை.

"அவர் பேசல. நீதான் பேசின. இங்க, இதே இடத்துல. மாமா மாதிரி மூடு வரணும்னு சொன்னியே, அத நான்தான் எழுதினேன்."

தங்கை கத்தியைக் கீழே வைத்தாள். கோபப்படவில்லை. பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அதுக்கப்புறம் நான் சொன்னது?"

"ஞாபகம் இருந்துச்சு."

"மறந்துட்டேன்னாவது சொல்லக்கூடாதாக்கா?" என்று கேட்டபோதுதான் தங்கைக்கு அழுகை வந்தது.

மறுநாள் காலை அக்கா லீவு சொல்லாமலே மட்டம் போட்டாள். நேர்காணல் எதுவும் நடக்கவில்லை, வீட்டில் நடந்த பேச்சைத் திரித்து எழுதியது நான், என்று மூன்று வரியில் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இதன் நகல் மூன்றாவது மாடிக்குப் போனால் ஜன்னலோர மேஜை போய்விடும் என்று தெரியும். அந்தக் கவலை அப்போது பெரிதாகப் படவில்லை. தங்கையும் கூட வந்தாள். பஸ்ஸில் ஒரே இருக்கையில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள்.

வாரியத்தில் விசாரணை அதிகாரி கடிதத்தைப் படித்தார். திரும்ப ஒரு முறை படித்தார். "நல்ல எண்ணத்துலதான் வந்திருக்கீங்க மேடம். ஆனா ஃபைல் மூடியாச்சு."

"பேசாத மனுஷனுக்கு வேலை போயிருக்கு சார்," என்றாள் அக்கா.

"பேசலன்னு நீங்க சொல்றீங்க. அவரே எழுதிக் குடுத்திருக்காரே."

ஃபைலைத் திருப்பிக் காட்டினார். கோடு போட்ட தாளில் கோணல்மாணலான கையெழுத்து: 'மெஷின் சரியில்லை என்று வெளியில் பேசியது நான்தான். தெரியாமல் பேசிவிட்டேன்.' கீழே பாட்டிலண்ணனின் கையொப்பம்.

வெளியே வந்ததும் தங்கை சுவரில் சாய்ந்துகொண்டாள். "என்னைக் காப்பாத்தறதுக்காக எழுதிக் குடுத்திருக்காரு. நான் ரெண்டு பேர்னு சொன்னது அவருக்குத் தெரிஞ்சிருக்கும். அதான் பழிய ஏத்துக்கிட்டாரு." அக்காவும் அப்படித்தான் நினைத்தாள். அவர் காலில் விழுந்தாவது உண்மையைச் சொல்லி, அவரையே கூட்டிக்கொண்டு வந்து அந்தத் தாளை வாபஸ் வாங்க வைக்க வேண்டும் என்று இரண்டு பேரும் அவர் வீடு இருந்த கிழக்குப் பகுதிக்குப் பஸ் ஏறினார்கள்.

டயர் பஞ்சர் கடைக்குப் பின்னால், வரிசையாக இருந்த வீடுகளில் நாலாவது. இரண்டு சிறிய அறைகள். பாட்டிலண்ணன் கதவைத் திறந்தவர் தங்கையைப் பார்த்ததும் பதறிப்போய் நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டார். உள்ளே திரும்பி மனைவியிடம் டீ போடச் சொன்னார். அவர்கள் உட்காருவதற்கு முன்னாலேயே கையைக் கூப்பிவிட்டார்.

"மன்னிச்சிடும்மா. என்னாலதான் உங்களுக்கு இவ்வளவும்."

"ஐயோ அண்ணே, நீங்க எதுக்கு... நீங்க பேசலன்னு எனக்குத் தெரியும்."

"இல்லம்மா. நான்தான் எங்கயோ உளறியிருக்கேன். முதல்ல நானும் இல்லவே இல்லன்னுதான் சொன்னேன். அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். டீக்கடைல எல்லார் போன்லயும் அதுதான் வருது. மாப்பிள்ளை காட்டினாரு, பேப்பர்ல வந்திருக்கு, அந்த வீடியோல ஒரு அம்மா அழுதுக்கிட்டே சொல்றாங்க. இத்தனை பேர் சொல்றாங்கன்னா யாரோ ஒருத்தர் சொல்லித்தானே இருக்கணும்? லேப்ல நாம ரெண்டு பேர். நீங்க சொல்ற ஆள் இல்ல. அப்போ நான்தானே? என்னிக்கோ டீ குடிக்கும்போது வாய் தவறியிருக்கும். இப்ப யோசிச்சா, சொன்ன மாதிரிதான் இருக்கு."

அவர் யாரையும் காப்பாற்றவில்லை. நம்பிவிட்டார். அக்கா எழுந்து நின்றாள்.

"நீங்க சொல்லல. நான் இவளோட அக்கா, அந்த அறிக்கைய எழுதின ஆபீஸ்ல வேலை செய்யறேன். அந்த வரிய எழுதினது நான். இவ எங்க வீட்டுல விளையாட்டாப் பேசினத நான்தான் வெட்டி எழுதினேன்." தேதி சொன்னாள், கிழமை சொன்னாள், இயக்குநர் அடித்துவிடச் சொன்னதைச் சொன்னாள். வாழ்க்கையில் இவ்வளவு துல்லியமாக அவள் எதையும் சொன்னதில்லை.

பாட்டிலண்ணன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கேட்டு முடித்ததும் கண் கலங்கித் தங்கையிடம் திரும்பினார்.

"உங்க அக்காவுக்குப் பெரிய மனசும்மா. எனக்கு வேலை போச்சேன்னு பழியத் தன் தலைல போட்டுக்கறாங்க. அதெல்லாம் வேண்டாம், நான் எப்படியாவது சமாளிச்சுக்குவேன்."

"அண்ணே, அக்கா நிஜமாத்தான் சொல்றா!"

"சரிம்மா, சரி," என்றார், அழுகிறவரைத் தேற்றுகிற குரலில்.

அவர் மனைவி மூன்று தம்ளரில் டீ கொண்டுவந்து வைத்தாள். "நடுவுல ஒரு மாசம் கேன் தண்ணி தூக்கித் தூக்கி இடுப்பே போச்சு," என்றாள் அக்காவிடம், ஏதாவது பேச வேண்டுமே என்று. "இப்ப நிம்மதி. பேரன் பேத்திங்க வந்தாலும் குழாயிலயே பிடிச்சுக் குடிக்கறாங்க."

பாட்டிலண்ணன் தம்ளரை எடுத்தார். தங்கை சட்டென்று அவர் கையைப் பிடித்தாள்.

"குடிக்காதீங்கண்ணே. இந்தத் தண்ணி வேண்டாம். ஆறு தடவை ஓட்டினேன், நீங்கதானே பாட்டில் கழுவிக் குடுத்தீங்க, நீங்களே பாத்தீங்களே..."

அவர் அவள் கையை மெல்ல விலக்கினார். பன்னிரண்டு வருடம் கூட நின்ற உரிமையோடு, அவள் மனம் நோகக்கூடாதே என்று மிகவும் தணிந்த குரலில் சொன்னார்.

"மெஷின்தான் சரியில்லையேம்மா."

ஒரு வாய் குடித்துவிட்டு, ஆறுது, எடுத்துக்குங்க என்று அக்கா பக்கம் ஒரு தம்ளரை நகர்த்தி வைத்தார்.